கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளையின் வரலாறு

(கொஞ்சம் நீளமான பதிவு. தரம் 1 முதல் 5 வரை பிள்ளை உள்ளவர்கள் ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.)

புலமைப்பரிசில் பெறுபேறு வந்தால் ஒரு கிழமைக்கு நமது முகநூல் முழுக்கப் பிள்ளைகளின் படங்கள்தான். நாமும் வாழ்த்துப் போடுகிறோம், சந்தோசம்தான். நாடு முழுக்க 3 இலட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் எழுதும் பரீட்சை அது. அண்மைய ஆண்டுகளின் கணக்கைப் பார்த்தால் ஆறு பேரில் ஐந்து பேரளவில் வெட்டுப்புள்ளிக்குக் கீழேதான் நிற்கிறார்கள். அந்த ஐந்து பேருக்குள்ளும் ஒரு பிள்ளை இருக்கிறது. கேட்டதையெல்லாம் அப்படியே திருப்பிச் சொல்லும், சைக்கிளைக் கழற்றிப் பூட்டும், கடைக்கணக்கை மனதிலேயே போடும். ஆனால் பந்தியொன்றை வாசிக்கக் கொடுத்தால் வியர்த்துப்போகும். "புள்ளக்கி மண்டையில ஒண்டும் ஏறுதில்ல சேர்" என்று உம்மா வந்து அழுவார். இன்னொரு பிள்ளை வகுப்பில் யாருடைய முகத்தையும் பார்க்காது, மணி அடித்தால் இரண்டு காதையும் பொத்திக்கொள்ளும். வேறொன்று பத்து நிமிசம் ஓரிடத்தில் இருக்காது.

கல்முனையின் கல்வி வரலாற்றை நம்மவர்கள் எழுதியிருக்கிறார்கள். கல்லூரிகள், அதிபர்கள், பட்டதாரிகள், வைத்தியர்கள் எல்லாம் அதில் வருவார்கள். இந்தப் பிள்ளைகள் வருவதில்லை. அவர்களுடைய பக்கத்திலிருந்து அதே வரலாற்றைப் பார்த்தால் எப்படி இருக்கும் என்பதுதான் இந்தப் பதிவு.

இலங்கையில் விசேட கல்வியின் கதை 1912 இல் தொடங்குகிறது. மேரி சப்மன் என்ற மிசனறிப் பெண்மணி, கேட்காத, பார்க்காத பிள்ளைகளுக்காக ஒரு பாடசாலையைத் தொடங்கினார். இரத்மலானைப் பாடசாலை என்று இன்றும் எல்லோரும் அறிந்திருப்பது அதைத்தான். தமிழ்ப் பிரதேசத்தில் அப்படியொன்று வருவதற்கு 1956 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்தில் கைதடி நவீல்ட் பாடசாலை அது. 1960களின் கடைசியில் பார்வையற்ற பிள்ளைகளைச் சாதாரண பாடசாலைகளிலேயே சேர்த்துப் படிப்பிக்கும் திட்டத்தை அரசாங்கம் ஆரம்பித்தது.

இந்த ஒழுங்கைக் கவனியுங்கள். முதலில் கண்ணும் காதும்தான். பார்த்தவுடன் தெரியும் குறைக்கு முதலில் கதவு திறந்தது. கண்ணும் காதும் நன்றாக இருந்து, எழுத்து மட்டும் பிடிபடாத பிள்ளைக்கு இங்கே ஒரு பெயரே இருக்கவில்லை. பெயர் இல்லாததால் ஊர் தானே ஒரு பெயரை வைத்தது: மொக்கன், மந்தம், படிப்பு ஏறாதவன்.

நமது கரைக்கு வருவோம். 1942 இல், உலக யுத்தக் காலத்தில், ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்கள் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு அனுப்பப்பட்டார். இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதலாவது முஸ்லிம் அவர். உணவு உற்பத்தியைப் பெருக்க வந்தவருக்கு இங்கே கண்ணில் பட்டது வயலைவிடப் பெரிய வறுமை. காரைதீவு மண்ணின் மைந்தர் சுவாமி விபுலானந்தரோடு அவருக்கு ஏற்பட்ட நட்பும் இந்தக் காலத்தில்தான். அதே ஆண்டில் கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தை உருவாக்கினார். மூன்று ஆண்டுகளில் இலங்கை முஸ்லிம் புலமைப்பரிசில் நிதியம் வந்தது. அதே 1945 இல் கன்னங்கராவின் இலவசக் கல்வியும் வந்தது. மத்திய கல்லூரிகளும், கிராமத்து ஏழைப் பிள்ளையைக் கண்டுபிடித்து அங்கே அனுப்புவதற்கான தெரிவுப் பரீட்சையும் அந்தக் காலத்துக் கனவுகள்தான். வாப்பா கரைவலை இழுப்பவராக இருந்தாலும் பிள்ளை வைத்தியராகலாம் என்ற கதவை அந்தப் பரீட்சைதான் திறந்தது. இதை மறுக்கவே முடியாது. நமது ஊர்களில் இன்று படித்தவர்களாக இருக்கும் பலருடைய குடும்பக் கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அதன் மறுபக்கத்தை யாரும் அப்போது யோசித்திருக்க மாட்டார்கள். அதற்கு முந்திய தலைமுறையில் எழுத்துத் தெரியாதவன் ஊரில் பெரும்பான்மை. மருதமுனையில் தறியில் இருந்தான், வயலில் முல்லைக்காரனாக இருந்தான், தோணியில் போனான். நெசவுக் கணக்கைக் கையாலும் கண்ணாலும் பழகியவனை யாரும் மொக்கன் என்று சொல்லவில்லை. எல்லாப் பிள்ளைகளையும் ஒரே புத்தகத்தால், ஒரே நாளில், ஒரே நேர அளவில் அளக்கத் தொடங்கிய பிறகுதான் வாசிக்கச் சிரமப்படும் பிள்ளை ஒரு குறையாகத் தெரியத் தொடங்கியது. பழைய காலத்தைப் பொற்காலமாக்கவும் நாம் விரும்பவில்லை. பேச்சு வராத பிள்ளையை வீட்டுக்குள்ளேயே வைத்திருந்த காலமும் அதுதான். இசிம் ஓதி, தாயத்துக் கட்டி, நூல் முடிந்து, கடைசியில் "அல்லாஹ்வின் நாட்டம்" என்று விட்டுவிட்ட வீடுகள் எத்தனை. பார்வையற்ற தோழர் இப்னு உம்மு மக்தூம் அவர்களைப் பெருமானார் (ஸல்) முஅத்தினாக நியமித்தார்கள், தாம் பயணம் போகும்போது மதீனாவின் பொறுப்பையே கொடுத்தார்கள். இதை ஜும்ஆவில் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து பிள்ளையை அறைக்குள் வைத்துப் பூட்டுவது எந்த நியாயம்?

இனி, பெயரின் கதை. 1887 இல் ஜெர்மனியின் கண் வைத்தியர் ருடோல்ஃப் பேர்லின், மூளை நோயினால் வாசிப்பை இழந்த பெரியவர்களைப் பற்றி எழுதும்போது டிஸ்லெக்சியா என்ற சொல்லை உருவாக்கினார். பிறவியிலேயே இப்படி இருக்கலாம் என்பது ஒன்பது ஆண்டுகள் கழித்து வந்தது. 1896 நவம்பரில், இங்கிலாந்தின் கடற்கரை ஊரான சீஃபோர்டில் இருந்த பிரிங்கிள் மோர்கன் என்ற வைத்தியர், பேர்சி என்ற 14 வயதுப் பையனைப் பற்றி பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் எழுதினார். பையன் கெட்டிக்காரன், கணக்கு நன்றாக வரும், விளையாட்டில் யாருக்கும் குறைந்தவனில்லை. வாசிப்பு மட்டும் வராது. தனது பெயரையே எழுத்து மாற்றிப் 'பிரேசி' என்று எழுதினான். அவனைப் பல ஆண்டுகள் படிப்பித்த ஆசிரியர் வைத்தியரிடம் ஒன்று சொல்லியிருந்தார்: எல்லாப் பாடத்தையும் வாயால் சொல்லிக் கொடுத்தால் இந்தப் பாடசாலையிலேயே முதலாவதாக வருபவன் இவன்தான்.

அந்த ஆசிரியரின் பெயர் நமக்குத் தெரியாது. ஆனால் மோர்கன் கண்டதில் பாதியை முதலில் கண்டவர் அவர் என்றுதான் நாம் நினைக்கிறோம்.

வாயால் சொல்லிக் கொடுப்பது நமக்குப் புதிதா? குர்ஆன் மதரசாவில் லெப்பை சொல்லச் சொல்லப் பிள்ளைகள் ஓதுகிற முறை நூற்றாண்டுக் கணக்கில் நம்மோடு இருக்கிறது. பாடசாலையில் பத்து வசனம் வாசிக்க முடியாத பிள்ளை மதரசாவில் சூறாக்களைப் பிசகாமல் பாடமாக்கி ஓதுவதை நமது ஊர்களில் எத்தனையோ பேர் பார்த்திருக்கிறார்கள். "அங்க மட்டும் எப்படி ஓதுறான்? இங்க படிக்கக் கள்ளம்" என்று ஏசுவார்கள். அது கள்ளமில்லை. அங்கே காது வழியாகப் போகிறது, இங்கே கண் வழியாகப் போகிறது. இரண்டுக்கும் மூளையில் வேறு வேறு பாதை. காது வழிப் பாதை நன்றாக இருப்பதற்கு அந்த ஓதலே சாட்சி.

நமது பிள்ளைக்கு இருக்கும் இன்னொரு சுமையைக் கொழும்பில் பாடத்திட்டம் எழுதுபவர்கள் யோசிப்பதில்லை. தமிழ் இடமிருந்து வலமாகப் போகும். பின்னேரம் மதரசாவில் அறபு வலமிருந்து இடமாகப் போகும். பே, தே, ஸே மூன்றுக்கும் உடம்பு ஒன்று, புள்ளிதான் வேறு. தரம் 3 இல் ஆங்கிலம் பாடமாக வரும், பிறகு சிங்களமும் சேரும். பதினொரு, பன்னிரண்டு வயதுக்குள் நான்கு எழுத்து முறை. தமிழுக்குள்ளேயும் ல, ள, ழ இருக்கிறது, ந, ன, ண இருக்கிறது, ர, ற இருக்கிறது. 'கே' என்று எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கும், ஆனால் அதன் ஓசை பின்னால்தான் வரும். 'கொ' வில் எழுத்தைச் சுற்றி இரண்டு பக்கமும் குறி. வீட்டில் பேசுவது ஒரு தமிழ், புத்தகத்தில் இருப்பது வேறு தமிழ். சாதாரண பிள்ளை இதையெல்லாம் தாண்டிப் போய்விடும். எழுத்தையும் ஓசையையும் பொருத்துவதிலேயே சிரமமுள்ள பிள்ளைக்கு இது நான்கு மடங்கு வேலை.

இதில் ஒரு நுட்பம் உண்டு. ஆங்கிலத்தில் எழுத்து ஒன்று, உச்சரிப்பு வேறொன்று என்பதால் டிஸ்லெக்சியா உள்ள பிள்ளை பிழையாக வாசிக்கும், உடனே தெரிந்துவிடும். இத்தாலி மொழி போல எழுத்தும் ஓசையும் நெருங்கிப்போகும் மொழிகளில் பிள்ளை ஓரளவு சரியாகவே வாசிக்கும், ஆனால் மிக மெதுவாக வாசிக்கும். தமிழும் பெரும்பாலும் அந்தப் பக்கத்து மொழிதான். எழுத்துக் கூட்டிக் கூட்டி ஒரு வசனத்தின் முடிவுக்கு வரும்போது தொடக்கம் மறந்திருக்கும். ஆகவே நமது வகுப்பில் தேட வேண்டியது பிழையை மட்டுமல்ல, வேகத்தையும்தான். மெதுவாக வாசிக்கிறான் என்பதைச் சோம்பல் என்று எழுதிவிடுவது மிகச் சுலபம்.

தீர்வின் வரலாறும் நமக்குத் தூரமில்லை. நமது ஊர்களில் ஒவ்வொரு குறுக்கு வீதியிலும் ஒரு மொண்டிசோரி இருக்கிறது. பெயர்ப்பலகையில் இருக்கும் அந்தப் பெயருக்குரிய மரியா மொண்டிசோரி, இத்தாலியில், படிக்க மாட்டார்கள் என்று கைவிடப்பட்ட பிள்ளைகளோடுதான் வேலையை ஆரம்பித்தவர். அரத்தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவி, ஓசையைச் சொல்லி, கண்ணும் கையும் காதும் சேர்ந்து எழுத்தைப் பிடிக்கும் முறையை வளர்த்தார். 1907 இல் ரோமில் சாதாரண பிள்ளைகளுக்கும் அதையே கொண்டுவந்தார். 1939 இல் மதராஸ் அடையாறுக்கு வந்தவர் யுத்தத்தால் இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. 1944 இல் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அமெரிக்காவில் சாமுவேல் ஓர்ட்டன் என்ற வைத்தியரும் அன்னா கில்லிங்ஹாம் என்ற ஆசிரியையும் வாசிப்பு இடர்ப்பாடு உள்ள பிள்ளைகளுக்காக 1930களில் உருவாக்கிய முறையும் இதே அடிப்படைதான்: பார், சொல், தடவு, எழுது.

மணலில் விரலால் அனா ஆவன்னா எழுதிப் பழகிய நமது முன்னோர்களும், பலகையில் எழுதிய அலிஃபை விரலால் தொட்டு ஓதியவர்களும் இதைத்தான் செய்தார்கள். இன்று மொண்டிசோரி என்ற பலகையின் கீழே மூன்றரை வயதுப் பிள்ளைக்கு வீட்டுவேலைக் கொப்பி கொடுத்து, கலைவிழாவில் ஆங்கிலப் பாட்டுப் பாட வைக்கிறோம் என்று பெருமைப்படுகிறார்கள். அந்த அம்மையார் பார்த்தால் பலகையைக் கழற்றச் சொல்லுவார்.

ஓட்டிசத்தின் கதை வேறு. 1943 இல் அமெரிக்காவில் லியோ கனர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையோடுதான் அந்தப் பெயர் பரவியது. அதற்கு முன்பே, 1925 இல், சோவியத் வைத்தியர் குருன்யா சுகரேவா இப்படியான பிள்ளைகளை விவரித்திருந்தார். பெண், அதுவும் யூதப் பெண், எழுதியது ரஷ்ய மொழியில். உலகம் கவனிக்கப் பல பத்தாண்டுகள் பிடித்தன. கனர் எழுதியதைத் தொடர்ந்து பழி யார் மீது விழுந்தது தெரியுமா? தாய் மீது. அன்பில்லாத தாயால்தான் பிள்ளை இப்படியாகிறது என்று 1967 இல் புருனோ பெட்டல்ஹைம் ஒரு புத்தகமே எழுதினார், அது நன்றாக விற்றது. மூன்று ஆண்டுகள் முந்தியே, ஓட்டிசமுள்ள பையனின் தகப்பனும் உளவியலாளருமான பேர்னாட் றிம்லண்ட், இது மூளை வளர்ச்சி சார்ந்தது, தாயின் பிழையில்லை என்று ஆதாரத்தோடு எழுதியிருந்தார்.

இதை இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. நமது ஊரில் பிள்ளை பேசத் தாமதித்தால் இன்றும் முதலில் கேட்பது "உம்மா வெளிநாடு போனவவா?" அடுத்தது "போனைக் குடுத்துப் பழக்கிட்டாங்க." போன் நல்லதென்று நாம் சொல்லவில்லை, சின்னப் பிள்ளைக்குக் கொடுக்கவே கூடாது. ஆனால் கனர் பார்த்த 11 பிள்ளைகளின் காலத்தில் எந்த வீட்டில் கைபேசி இருந்தது? வீட்டுப் பொருளாதாரத்துக்காக மத்திய கிழக்குக்குப் போன உம்மாவின் தலையில் இதையும் ஏற்றி வைப்பது, அமெரிக்கா எப்போதோ கைவிட்ட பிழையை நாம் பொறுக்கி எடுத்துவந்து வைத்திருப்பது மாதிரி.

அந்த 11 பேரில் முதலாவது பிள்ளை டொனால்ட் றிப்ளட். மிசிசிப்பி மாநிலத்தில் ஃபொரெஸ்ட் என்ற சிற்றூர்க்காரர். படித்து, குடும்பத்தினரின் வங்கியில் வேலை செய்து, கார் ஓட்டி, உலகம் சுற்றி, 2023 இல் 89 வயதில் காலமானார். வசதியான குடும்பம் என்பது உண்மை. ஆனால் அவரைப் பற்றி எழுதியவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது ஊரைப் பற்றி. ஊர் அவரை அவராகவே இருக்க விட்டது. நமது ஊர்களும் எல்லோரும் எல்லோரையும் தெரிந்த ஊர்கள்தான். அது பழிக்கவும் உதவும், பார்த்துக்கொள்ளவும் உதவும்.

இலங்கையில் இது அரிது என்று நினைக்க வேண்டாம். பேராசிரியர் ஹேமமாலி பெரேரா குழுவினர், ஓர் அரை நகர்ப்புறப் பகுதியில் 18 முதல் 24 மாதக் குழந்தைகளைப் பரிசோதித்து 2009 இல் வெளியிட்ட ஆய்வில், 93 பேருக்கு ஒருவர் என்ற கணக்கு வந்தது. நமது பெரிய பாடசாலையொன்றின் மாணவர் தொகையை 93 ஆல் பிரித்துப் பாருங்கள்.

சட்டத்துக்கு வருவோம். 1994 ஜூனில் ஸ்பெயினின் சலமன்கா நகரில் 92 நாடுகள் கூடி, எல்லாப் பிள்ளைகளையும் சாதாரண பாடசாலையிலேயே சேர்க்க வேண்டும் என்று பிரகடனம் செய்தன. இரண்டு ஆண்டுகளில் இலங்கையில் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்க வலுவிழந்தோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1998 இலிருந்து 5 முதல் 14 வயது வரை கட்டாயக் கல்வி, 2016 இல் அது 16 வயதாக உயர்ந்தது. அதே 2016 இல் ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சாசனத்தையும் இலங்கை ஏற்றது. தாளில் எல்லாம் இருக்கிறது.

1996 சட்டத்தின் வரைவிலக்கணத்தை வாசித்தால் சிக்கல் தெரியும். உடல் அல்லது உளக் குறையினால் தனது வாழ்க்கைத் தேவைகளைத் தானாகவே நிறைவேற்ற இயலாதவர் என்ற பொருளில் அது போகிறது. நாம் தொடக்கத்தில் சொன்ன, சைக்கிளைக் கழற்றிப் பூட்டும் பையன் இதற்குள் வருவானா? தனது தேவைக்கு மட்டுமல்ல, வீட்டுத் தேவைக்கும் அவன்தான் கடைக்குப் போகிறான். அவனுக்குத் தேவைப்படுவது பரீட்சை மண்டபத்தில் கொஞ்சம் நேரமும் வகுப்பில் வேறு முறையும்தான். இந்தியாவிலும் 1995 சட்டத்தில் இப்படித்தான் இருந்தது. அதிலிருந்த ஏழு வகைகளில் ஓட்டிசமும் இல்லை, கற்றல் இடர்ப்பாடும் இல்லை. 2016 இல் வந்த புதிய சட்டத்தின் 21 வகைகளில் இரண்டும் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டன. அது தானாக வரவில்லை. 1990களின் தொடக்கத்தில் உருவான மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் போன்ற பெற்றோர், ஆசிரியர் அமைப்புகளின் இருபது ஆண்டு உழைப்பு அதற்குப் பின்னால் இருக்கிறது.

நமது கரையில் இந்தப் பேச்சு எப்போது வந்தது என்று கேட்டால், சுனாமிக்குப் பிறகு என்றுதான் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26 அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று கரை முழுக்க மையித்து. பேச்சை நிறுத்திக்கொண்ட பிள்ளைகள், வகுப்பில் திடீரென அலறும் பிள்ளைகள் முகாம்களில் இருந்தார்கள். அப்போதுதான் 'உளவளத்துணை' என்ற சொல் நமது பாடசாலைகளுக்குள் நுழைந்தது. படிக்காத பிள்ளைக்குச் சோம்பலைத் தவிர வேறு காரணமும் இருக்கலாம் என்று ஆசிரியர் அறையில் சொன்னால் சிரிக்காமல் கேட்கும் நிலை அதற்குப் பிறகுதான் வந்தது. வந்த நிறுவனங்கள் திட்டம் முடிந்ததும் போய்விட்டன. சொல் மிஞ்சியது.

இன்று சில பாடசாலைகளில் விசேட கல்வி அலகுகள் இருக்கின்றன. மகரகம தேசிய கல்வி நிறுவகம் அதற்கான ஆசிரியர் பயிற்சியை நடத்துகிறது. அந்த அலகுகளில் பொறுமையோடு வேலை செய்யும் டீச்சர்மாருக்கு நமது ஊர் இன்னும் உரிய மரியாதை கொடுக்கவில்லை. ஆனால் வாசிப்பு இடர்ப்பாடு உள்ள பிள்ளையின் இடம் அங்கேயில்லை, சாதாரண வகுப்பில்தான். ஒழுங்கான மதிப்பீடு வேண்டுமென்றால் சில வேளை 300 கிலோமீற்றருக்கு மேல் இராப் பஸ்ஸில் கொழும்புக்குப் போக வேண்டியிருக்கிறது. கூலிவேலைக்காரர் எத்தனை தரம் போவார்? பாடசாலை மருத்துவப் பரிசோதனை தரம் 1, 4, 7 இல் நடக்கிறது. கண், காது, பல் எல்லாம் பார்க்கிறார்கள். அதோடு ஐந்து நிமிச வாசிப்பையும் வலயம் ஒழுங்குபடுத்தினால், கொழும்புக்குப் போக வேண்டியவர் யார், வகுப்பிலேயே பரிகாரக் கற்பித்தலால் சரிவரக்கூடியவர் யார் என்று பிரித்தறியலாம். இதற்குப் புதுக் கட்டடமோ வெளிநாட்டு உதவியோ தேவையில்லை.

பெற்றோர் ஏன் வருவதில்லை என்பதும் நமக்குத் தெரியும். "பேப்பர்ல எழுதிட்டா நாளைக்கு மாப்பிள்ள கேட்டு யாரு வருவா?" என்று ஒரு உம்மா கேட்டார். பெண்பிள்ளை என்றால் இந்தப் பயம் இரட்டிப்பு. ஆகவே அடங்கி இருக்கும் பெண்பிள்ளைகள் கணக்கிலேயே வருவதில்லை. கொப்பியை அழகாகப் பார்த்தெழுதும், ஒரு சொல்லும் விளங்கியிருக்காது, க.பொ.த. சாதாரண தரம் வரை யாருக்கும் தெரியாமலே போகும்.

உடனடியாகச் செய்யக்கூடியது ஒன்றுண்டு. விசேட தேவையுள்ள பரீட்சார்த்திகளுக்கு மேலதிக நேரம் போன்ற சலுகைகளைப் பரீட்சைத் திணைக்களம் கொடுக்கிறது. அதற்கான விண்ணப்பம் மருத்துவ அறிக்கையோடு அதிபர் ஊடாகப் போக வேண்டும். பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஓடித் திரிந்தால் நடக்காது. மெதுவாக வாசிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், தரம் 3 முடிவதற்குள் வகுப்பாசிரியரிடம் போய், இந்தப் பிள்ளையின் வாசிப்பைத் தனியாக ஒருக்கால் கேளுங்கள் என்று சொல்லுங்கள். கேட்டதைத் திகதி போட்டு எழுதித் தரச் சொல்லுங்கள். மருத்துவரிடம் போகும்போது அந்தத் தாளையும், பிள்ளையின் இரண்டு மூன்று கொப்பிகளையும், பிறந்ததிலிருந்து மருத்துவ மாது பதிந்த வளர்ச்சிப் பதிவேட்டையும் கொண்டுபோங்கள்.